அழிக்காமல் வரையப்பட்டது

பிப்ரவரி 3, செவ்வாய்

குழந்தைக் கட்டிலின் ஒரு கால் குட்டை. மகள் உருண்டை புரளும்போதெல்லாம் 'டக்' என்கிறது. அவள் பாட்டுக்குத் தூங்குகிறாள், எனக்குத்தான் தூக்கிவாரிப் போடுகிறது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிற மெக்கானிக்கின் வீட்டில் நாலு ஞாயிற்றுக்கிழமையாகக் கட்டில் ஆடுகிறது. வீட்டுக்காரரைக் கேட்டால், "வர்ற ஞாயிறு" என்கிறார்.

கொழுந்தன் வேலை மாறிப் போனபோது, ஒரு மாதம் இருக்கட்டும் அண்ணி என்று விட்டுப்போன அட்டைப்பெட்டி ஒன்றரை வருடமாக அந்த மூலையில் கிடக்கிறது. அதற்குள் கைவிட்டு, அகப்பட்ட தடிப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கட்டில் காலுக்கு அடியில் செருகினேன். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.

நீட்டி நீட்டி வாங்கிய விடுப்பு முடிய இன்னும் நாற்பத்தொரு நாள். மார்ச் 16 திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு நான் அச்சகத்தில் இருக்க வேண்டும். உருண்டை மேல்வீட்டு அக்காவிடம் இருக்க வேண்டும். எழுதும்போது இரண்டும் சாதாரண வாக்கியங்கள்தான். திரும்ப வாசிக்காமல் நோட்டை மூடிவைக்கிறேன்.

பிப்ரவரி 4, புதன்

மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன். தும்மினாள். வருகிறது.

பிப்ரவரி 6, வெள்ளி

மதியம் என் இடது கையிலேயே தூங்கிவிட்டாள். கீழே படுக்கவைத்தால் எழுந்துவிடுவாள். போன் எட்டாத தூரத்தில். வலது கைக்கு எட்டியது அந்த அட்டைப்பெட்டி மட்டும்தான். ஒரு புத்தகத்தை உருவினேன். பார்த்தால் படக்கதை. அதெல்லாம் பள்ளிக்கூடத்தோடு விட்டாயிற்றே, கல்லூரியில் மூன்று வருடம் இலக்கியம் படித்தவளுக்குப் படக்கதையா என்று திரும்ப வைக்கப் போனேன். கட்டை விரலாலேயே பக்கம் திருப்ப முடிந்ததால் வைக்கவில்லை.

'மெதுவாகப் பேசு' என்று பேர். வயதான கணவன் மனைவி. அவருக்குக் காது மெல்ல மெல்லப் போகிறது. எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா, பேச்சுக் குமிழிக்குள் இருக்கும் எழுத்து பக்கத்துக்குப் பக்கம் வெளிறிக்கொண்டே வருகிறது. பாதிப் புத்தகத்தில் குமிழி மட்டும் இருக்கிறது, உள்ளே எழுத்து இல்லை. அப்புறம் குமிழியும் இல்லை. இனி ஒரே அழுகைதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன். குமிழி இருந்த இடத்திலெல்லாம் படம் நிறைந்துவிட்டது! கெண்டியிலிருந்து வரும் ஆவி, சன்னல் கம்பியில் ஒரு குருவி, அவள் மூக்குத் தண்டில் கண்ணாடி அழுத்திய இரண்டு தடம். நாற்பது வருடமாக அவள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், இப்போதுதான் அவளைப் பார்க்க ஆரம்பிக்கிறார்.

உருண்டை ஒன்றேகால் மணி நேரம் தூங்கியிருக்கிறாள். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் நான் ஒருமுறைகூட அவள் மூச்சைப் பார்க்கவில்லை. கை மரத்துப்போய், எழுந்தபோது அது என் கையே இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

கொழுந்தனுக்குப் போன் போட்டு, இதை வரைந்தது யார் என்று கேட்டேன். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பத்து வருடமாக அண்ணனைப் படிக்கச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனானாம். யார் என்று அவனுக்கும் தெரியாது. அட்டையில் பேர் இருக்காது, மூலையில் நாலு ஓட்டை வைத்த ஒரு சட்டைப் பொத்தான் மட்டும் வரைந்திருக்கும். அதனால் படிக்கிறவர்கள் எல்லோரும் 'பொத்தான்' என்றே சொல்கிறார்கள். ஆணா பெண்ணா, கிழமா இளசா, ஒன்றும் தெரியாது. மொத்தம் ஒன்பது புத்தகம், ஒன்பதும் பெட்டியில் இருக்கிறது என்றான்.

எட்டுதான் இருக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் ஒன்பதாவது எங்கே இருக்கிறது என்று உறைத்தது. மறைக்கவும் தெரியவில்லை.

"கட்டிலுக்கு முட்டுக் கொடுத்திருக்கீங்களா? அண்ணி, உங்க வீட்டுல செங்கல்லே கிடையாதா?"

மறுமுனையில் அவன் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. இவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஒரு மரத்துண்டைச் சீவி அஞ்சே நிமிடத்தில் காலைச் சரிசெய்தார். அஞ்சு நிமிட வேலைக்கு அஞ்சு ஞாயிறு.

பிப்ரவரி 10, செவ்வாய்

மேலே போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். பார்த்துவிட்டு என்றால், சோதனை போட்டுவிட்டு என்று பொருள்.

அக்கா முன்பு பேருந்தில் நடத்துநராக இருந்தவர். இப்போது வீட்டில் மூன்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். உருண்டை போனால் நாலு. குரல் இன்னும் பேருந்துக் குரல்தான். "உள்ள போ, உள்ள போ, வாசல்ல நிக்காதே" என்கிறார், மூன்று பேரும் சமர்த்தாக உள்ளே போகிறார்கள்.

நான் கண்ட குறைகள்: சமையலறைக் கதவுக்குக் கீழ்த் தாழ்ப்பாள் இல்லை. மேசை முனை கூர். ஒரு குழந்தையின் கால்சட்டை முன்பின்னாக மாட்டியிருந்தது. சன்னல் திரைக்கயிறு தரைவரை தொங்குகிறது. பொம்மை லாரியில் ஒரு சக்கரம் கழன்றிருந்தது — கழன்ற சக்கரம் எங்கே? யார் வாயில்?

கீழே வந்து இவரிடம் ஒப்பித்தேன். "அக்கா எப்படிப் பேசினாங்க, புள்ளைங்க சிரிச்சுதா, அதைச் சொல்லேன்" என்றார். அதைக் கவனிக்கவில்லையே நான்.

பிப்ரவரி 12, வியாழன்

'விடியும் ரொட்டி'. நாலாவது புத்தகம். ஒரு ரொட்டிக்கடை, மாவு பிசைகிற ஒரு பெண். நாற்பது பக்கத்துக்கு முகமே கிடையாது. கை மட்டும்தான். மாவை மடிக்கும் கை, அறையும் கை, நகக்கண்ணில் மாவு ஏறிய கை, நடுவில் ஒருமுறை நெற்றியில் விழும் முடியைப் புறங்கையால் ஒதுக்கும் கை. மாவின் சில்லிப்பு எனக்கே தெரிந்தது.

ஒரு கையால்தான் படிக்கிறேன், ஒரு நாளைக்கு ஒன்றேகால் மணி நேரம்தான். முன்பெல்லாம் அவள் எப்போது எழுவாளோ என்று பயந்துகொண்டிருப்பேன். இப்போது எப்போது தூங்குவாள் என்று இருக்கிறது. இதற்காக ஒருமுறை என்னைத் திட்டிக்கொண்டேன். ஒருமுறை போதும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இன்று ஒன்பதையும் வெளிவந்த வரிசைப்படி தரையில் அடுக்கி முதலிலிருந்து பார்த்தேன். இத்தனை நாளும் பெட்டியில் கைக்கு வந்ததைக் கைக்கு வந்தபடி படித்திருக்கிறேன்.

முதல் புத்தகம் 'மூன்றாம் மாடி'. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பொத்தானுக்குக் கை வரைய வரவில்லை! புத்தகம் முழுக்க ஒருத்தருக்கும் கை தெரியாது. எல்லோரும் சட்டைப்பைக்குள் கைவிட்டிருக்கிறார்கள், முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கிறார்கள், துண்டுக்கு அடியில் மறைத்திருக்கிறார்கள். கல்யாண விருந்தில்கூட இலைக்கு முன்னால் உட்கார்ந்து, அத்தனை பேரும் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார்கள். சாப்பாடு ஆறிப்போகாதா?

அடுத்ததில் பூட்டு திறக்கிறவன் கதை. கையில்லாமல் பூட்டைத் திறக்க முடியாதே, அதனால் தைரியமாக வரைந்திருக்கிறார். கை, வெண்டைக்காய்க் கட்டு மாதிரி இருக்கிறது. மூன்றாவதில் கொஞ்சம் தேவலை. நாலாவதில் அந்த ரொட்டிக்காரி. வராத ஒன்றை நாற்பது பக்கம் தொடர்ந்து வரைந்து வரவழைத்திருக்கிறார்.

ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரே வரி: 'அழிக்காமல் வரையப்பட்டது.' அதற்குக் கீழே தபால் பெட்டி எண். ரப்பரே தொடாத பெருமை போலிருக்கிறது.

பெருமை சரி. பிழைகள்? மருந்துப் பெட்டியில் அச்சாகும் பொடி எழுத்தைப் புரூஃப் பார்ப்பது என் வேலை. 0.5 என்பதில் புள்ளி விடுபட்டால் யாரோ ஒரு பிள்ளைக்குப் பத்து மடங்கு மருந்து போகும். ஆறு வருடத்தில் இரண்டு முறை அந்தப் புள்ளியைப் பிடித்திருக்கிறேன். இந்தக் கண்ணை வீட்டில் கழற்றி வைக்க முடிவதில்லை. 'மூன்றாம் மாடி'யில் படிக்கட்டு பன்னிரண்டாம் பக்கத்தில் பதினான்கு படி, நாற்பதாம் பக்கத்தில் பதின்மூன்று. பூட்டுக்காரன் வீட்டு நாற்காலிக்கு மூன்றே கால். சும்மா ஒரு தாளில் குறிக்க ஆரம்பித்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

முப்பத்தொன்று!

பக்கம், கட்டம், பிழை என்று மூன்று பத்தி போட்டு, கோடு கிழித்து, அலுவலகத்தில் செய்வதுபோலவே எழுதினேன். பொத்தானின் தபால் பெட்டிக்கு அனுப்பியாயிற்று. கூட ஒரு பக்கக் கடிதம்: உங்கள் புத்தகங்களால் என் மதியங்கள் மாறிவிட்டன, இருந்தாலும் அடுத்த பதிப்பில் கீழ்க்கண்டவற்றைத் திருத்தினால் நலம். உறையில் போடும் முன் உருண்டை வாழைப்பழக் கையோடு வந்து கடிதத்தின் மூலையில் அப்பிவிட்டாள். துடைத்தேன், இன்னும் மோசமாயிற்று. அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு வேலையை முழுசாகச் செய்து முடித்ததுபோல் இருந்தது. தபால் பெட்டியில் போட்டுவிட்டு வீடுவரை வேகமாக நடந்தேன். தள்ளுவண்டியில் உருண்டை கெக்கலித்துக்கொண்டே வந்தாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

விழுந்துட்டா.

பெரிய கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். சுத்தியும் ஏழு தலையணை. நான்தான் அடுக்கினேன், எண்ணி எண்ணி அடுக்கினேன். தண்ணி குடிக்கப் போனேன் — ஒரு நிமிஷம்கூட இருக்காது. சத்தம் கேட்டு ஓடிவந்தா தரையில் கிடக்கிறா. நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம்.

டாக்டர் பார்த்தார், கண்ணில் விளக்கடித்தார், கழுத்தைத் திருப்பினார். ஒன்றும் இல்லை, நாளைவரைக்கும் கவனித்துக்கொள்ளுங்கள், வாந்தி எடுத்தால் மட்டும் வாருங்கள் என்றார். உருண்டை அவருடைய பேனாவைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து இவர் அளந்து பார்த்தார். எதையும் அளந்துதான் பார்ப்பார். கட்டில் ஒன்றரை அடி. தலையணை அடுக்கோடு சேர்த்தால் இரண்டரை. அவள் தலையணை மேல் ஏறி, அங்கிருந்துதான் விழுந்திருக்கிறாள். "நீ பாதுகாப்புக்குத்தான் வச்சே. அது ஏணி வச்ச மாதிரி ஆயிடுச்சு, அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதானா? நான் வைக்காமல் இருந்திருந்தால் ஒரு அடி குறைவாக விழுந்திருப்பாள். என் பயமே அவளைத் தள்ளிவிட்டிருக்கு. இன்னொருத்தர் வீட்டில், நாலு பிள்ளைக்கு நடுவில், கயிறும் முனையும் தாழ்ப்பாள் இல்லாத கதவும் — எப்படி விடறது? பெத்த நானே இந்த லட்சணத்தில் பார்த்துக்கொண்டால்?

ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன். மூன்று வரி. சொந்தக் காரணங்களால். பிழை இல்லை.

பிப்ரவரி 21, சனி

வாந்தி இல்லை. சாப்பிட்டாள். சிரித்தாள். வீக்கம் பாதி வடிந்து, நடுவில் நீலம்.

நாள் முழுக்க அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். கைக்கு ஏதாவது வேண்டும் என்று மூன்றாவது புத்தகத்தை எடுத்தேன். 'உரியவர் வரும்வரை'. பேருந்து நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட பொருள்களைக் காக்கும் ஒரு குமாஸ்தாவின் கதை. ஏற்கெனவே இரண்டு முறை படித்ததுதான். அதனால் கதையைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் இருக்கும் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடைகள், ஒற்றைச் செருப்பு, கிளிக்கூண்டு. அப்புறம் ஒரு மரக்கட்டை, கயிற்றில் ஒரு சீட்டு கட்டியிருந்தது. கண்ணைப் பக்கத்தில் கொண்டுபோய் வாசித்தேன்.

'நாற்காலிக் கால் — ஒன்று.'

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பூட்டுக்காரன் வீட்டு நாற்காலி! போன புத்தகத்தில் மூன்று காலோடு நின்றதே, அந்த நாற்காலி. படபடவென்று பக்கங்களைத் திருப்பினேன். எண்பத்தொன்றாம் பக்கத்தில், குமாஸ்தா யாரோடோ பேசிக்கொண்டிருக்க, பின்னால் வரிசையில் நிற்கிறான் பூட்டுக்காரன். அடுத்த பக்கத்தில், பட்டாணி அளவில், அந்தக் காலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போகிறான்.

படிக்கட்டு? இரண்டாவது புத்தகத்தை இழுத்தேன். ஏழாம் பக்கம், தெருக்கோடியில் ஒரு கட்டடம், வாசலில் ஒரு கொத்தனார் குனிந்து ஒரே ஒரு படி கட்டிக்கொண்டிருக்கிறார்.

அப்போ அது பெருமை இல்லை. போட்ட கோட்டை அழிப்பதில்லை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார் பொத்தான். பிழை நின்றால் நிற்கட்டும், அடுத்த புத்தகத்தில் யாரையாவது அனுப்பிச் சரிசெய்துவிடுவது. கொத்தனார், தச்சர், தைக்கிறவர். கதைக்கு ஒரு சம்பந்தமும் இல்லாமல் பின்னால் நின்று வேலை பார்க்கும் பட்டாணி மனிதர்கள். அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறேன். புரூஃப் பார்க்கிற கண் அப்படி. தப்பு மட்டும்தான் முட்டும். சரியாக இருப்பது கண்ணிலேயே படாது.

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்றைக்குச் சமையல் இல்லை, துணி துவைக்கவில்லை, ஒன்றும் இல்லை. காலையிலிருந்து மூன்று பேரும் தரையில். நான் பட்டியலின் நகலை வைத்துக்கொண்டு பிழையைச் சொல்வேன், இவர் அடுத்த புத்தகத்தில் திருத்தியவரைத் தேடுவார். படக்கதையைத் திரும்பிப் பார்க்காத மனுஷன், பூதக்கண்ணாடியோடு குப்புறப் படுத்துக்கிடந்தார். உருண்டை அவர் முதுகில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அவர் முதுகு ஒரு அடி உயரம்கூட இராது. தலையணை வைக்கவில்லை.

குமாஸ்தாவின் சுவர்க் கடிகாரம் புத்தகம் முழுக்க நாலு மணி பத்து நிமிடத்திலேயே நிற்கும். 'விடியும் ரொட்டி'யில் ஏணி மேல் ஒருவர் கடிகாரத்தின் வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறார். ரொட்டிக்காரிக்கு இரண்டு காலிலும் இடது செருப்பு. அடுத்த புத்தகத்தில், செருப்புத் தைப்பவரிடம் ஒரு பெண் ஒற்றைக்காலில் நின்று காத்திருக்கிறாள். எட்டாவதான 'மெதுவாகப் பேசு'வில் தெருவிளக்குக் கம்பத்துக்குக் கம்பியே கிடையாது. ஒன்பதாவதான 'குளத்துக்காரி'யில், நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்கிறவள் நிமிர்ந்து பார்க்கும் வானத்தில், கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு ஒரு ஆள்.

நடுவில் இவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். முதல் புத்தகத்தில், லிஃப்ட் மேல்மாடியில் நிற்கும்போது மேலே போகிற அம்புக்குறி எரிகிறதாம். அதற்கு மேல் எங்கே போகும், ஆகாசத்துக்கா? என் பட்டியலில் இல்லாத பிழை. அவரே இரண்டாவது புத்தகத்தில் தேடிப்பிடித்தார். லிஃப்ட் குழிக்குள் தலையை விட்டபடி ஒரு மெக்கானிக், வெளியே தெரிவது காலும் பின்பக்கமும் மட்டும்.

"நம்ம ஆளு" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கப்பட்டார்போல இருந்தது.

முதல் எட்டுப் புத்தகத்தில் நான் எழுதிய இருபத்தேழு பிழைக்கும் ஆள் அகப்பட்டுவிட்டார்கள். ஒன்பதாவதில் உள்ள நாலு மட்டும் பாக்கி. பத்தாவது இன்னும் வரவில்லையே.

பிப்ரவரி 23, திங்கள்

இப்போதுதான் உறைக்கிறது. அவர் எப்போதோ சரிசெய்து முடித்த இருபத்தேழையும் கோடு கிழித்துப் பட்டியல் போட்டு, அடுத்த பதிப்பில் திருத்தினால் நலம் என்று அவருக்கே அனுப்பியிருக்கிறேன்! தபால் பெட்டிக்குள் கைவிட்டு எடுக்கவா முடியும்? வெட்கம் பிடுங்கித் தின்கிறது. இவரிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "வாழைப்பழம் வேற தடவி அனுப்பியிருக்கே" என்கிறார்.

பிப்ரவரி 27, வெள்ளி

அச்சகத்து மேடம் போன் செய்தார். என் இடத்தில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அவசரம் அதிகமாம், கண் நிற்பதில்லையாம். வருகிறாயா இல்லையா, அடுத்த வெள்ளிக்குள் சொல்லிவிடு, வேறு ஆள் பார்க்க வேண்டும் என்றார். ராஜினாமாக் கடிதம் பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்லவும் வரவில்லை, வருகிறேன் என்று சொல்லவும் வரவில்லை. சரி மேடம் என்றேன். எதற்குச் சரி?

மார்ச் 3, செவ்வாய்

நான்கு பக்கம் எழுதினேன். உருண்டைக்கு எப்போது என்ன, எப்படி, எது கூடாது. அழுதால் முதலில் எதைப் பார்க்க வேண்டும், அப்படியும் அழுதால் எதைப் பார்க்க வேண்டும். இரண்டு முறை சரிபார்த்துவிட்டு மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அக்கா இதை மடித்து எங்கேயாவது செருகிவிடுவார், அதைச் சாக்காக வைத்துக் கடிதத்தைக் கொடுத்துவிடலாம் என்றுதான் மனசில் இருந்தது.

அக்கா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு பிள்ளை மடியில், ஒன்று தோளில். நாலு பக்கத்தையும் வரி வரியாக, உதடு அசையப் படித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். முடித்ததும் இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பப் போனார்.

"எல்லாம் புரிஞ்சுதும்மா. ஒண்ணே ஒண்ணு. இங்க பதினோரு மணிக்குத் தூங்கினா பன்னெண்டு வரைக்கும் எழுப்பக் கூடாதுன்னு போட்டிருக்கே. நாலாம் பக்கத்துல பதினொண்ணரைக்குப் பழம் மசிச்சு ஊட்டணும்னு இருக்கு. தூக்கத்துலயே ஊட்டணுமா?"

வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. இரண்டு முறை சரிபார்த்திருக்கிறேன். 0.5-ல் புள்ளியைப் பிடித்த கண்!

"பஸ்ஸுல முப்பது வருஷம் சீட்டு கிழிச்சவம்மா நான். ரெண்டு இடத்துல ரெண்டு கணக்கு இருந்தா எனக்கு உள்ள உறுத்தும்" என்றார். அதைத் திட்டாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. மடியில் இருந்த பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சரியான நேரத்தைப் பேனாவால் திருத்தி அக்காவிடமே கொடுத்தேன். திரும்பும்போதுதான் கவனித்தேன். சமையலறைக் கதவில் புதிதாகக் கீழ்த் தாழ்ப்பாள். திரைக்கயிறு சுருட்டி உச்சியில் கட்டியிருந்தது. எப்போது செய்தார்? நான் சொல்லவே இல்லையே. சோதனை போட வந்தவளின் பார்வை எங்கெங்கே நின்றது என்று அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மார்ச் 5, வியாழன்

மேடத்துக்குப் போன் செய்து பதினாறாம் தேதி வருகிறேன் என்றேன். ஒரு நாள் முன்னாடியே சொல்லிவிட்டேன், நாளைக்கு மனசு மாறிவிடுமோ என்று.

ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மளிகைச் சாமான் எழுதி இவரிடம் கொடுத்தனுப்பினேன்.

மார்ச் 9, திங்கள்

ஒத்திகை. ஒரு மணி நேரம். பத்துக்கு விட்டேன், அழுதாள். நானும் படியில் உட்கார்ந்து அழுதேன். எட்டு நிமிடத்தில் மேலே அழுகை நின்றது. என்னுடையது இருபது நிமிடம் ஆயிற்று. மீதி நேரம் 'குளத்துக்காரி'யை அதே படியில் உட்கார்ந்து படித்தேன், இரண்டு கையாலும். இரண்டு கையாலும் படிக்கும்போது பக்கம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது. வலது பக்கமும் இடது பக்கமும் சேர்ந்து ஒரே படமாகிற இடங்களை இதுவரை பாதி பாதியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

இரண்டு மணி நேரம். அழுகை: அவள் மூன்று நிமிடம். நான் இல்லை.

மார்ச் 12, வியாழன்

பொத்தான் பதில் போட்டிருக்கிறார்!

ஒரு தபால் அட்டை. உருண்டை ஒரு முனையை நனைப்பதற்குள் பிடுங்கிவிட்டேன். சின்னச் சின்ன எழுத்து, ஒரு அடித்தல் இல்லை. வார்த்தைக்கு வார்த்தை இங்கே எழுதி வைக்கிறேன்:

'முப்பத்தொரு பிழை என்று எழுதியிருந்தீர்கள். முப்பத்து மூன்று. விட்ட இரண்டையும் சொல்ல மாட்டேன். ஒன்பதாவதில் நீங்கள் கண்ட நாலில் மூன்று எனக்கே தெரியாது. ஒன்பதோடு போதும் என்று மேசையைக் காலி செய்துகொண்டிருந்தேன். இப்போது அந்த நாலுக்கும் ஆள் அனுப்பியாக வேண்டும். திரும்ப மை வாங்கி வந்திருக்கிறேன். மற்றபடி, உங்கள் கடிதத்தின் மூலையில் இருக்கும் ஐந்து விரல் கறை பிழையா, கையெழுத்தா?'

கீழே பொத்தான். நாலு ஓட்டை.

நின்ற இடத்திலேயே நாலு முறை படித்தேன். அப்புறம் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உருண்டையைத் தூக்கிக்கொண்டு ஆடினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, அவளும் ஆடினாள். கொழுந்தனுக்குப் போனிலேயே வாசித்துக் காட்டினேன். அவன், "பத்து வருஷமா ரசிகன் நான். பதில் உங்களுக்கா?" என்றான். அட்டையை ஒருநாள் கொடுங்கள், வைத்திருந்துவிட்டுத் தருகிறேன் என்கிறான். ஒரு மாதம் என்று பெட்டியை ஒன்றரை வருடம் விட்டுவைத்த ஆள். கொடுக்க மாட்டேன்.

நான் விட்ட இரண்டில் ஒன்று லிஃப்ட் அம்புக்குறி. இன்னொன்று எங்கே? இவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மறுபடி குப்புறப் படுத்துவிட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

நாளைக்கு. பை கட்டியாயிற்று. அவளுடையது பெரிது, என்னுடையது சின்னது. பயம் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 16, திங்கள்

என் நாற்காலியை அந்தப் பையன் உயரம் கூட்டி வைத்திருந்தான். மேடம், வா என்றார், பதினெட்டு அட்டையை முன்னால் வைத்தார். குழந்தைகளுக்கான சளி மருந்து. முதல் அட்டைக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. இரண்டாவதுக்கு இருபத்தைந்து. ஐந்தாவதில் ஒரு எண் மாறியிருந்தது, வட்டம் போட்டேன். மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, தன் மேசை விளக்கை எடுத்து வந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மணிக்கு ஒருமுறை அக்காவுக்குப் போன் செய்வது என்று சொல்லி வைத்திருந்தேன். பத்துக்கும் பதினொன்றுக்கும் செய்தேன். அடுத்து நிமிர்ந்து பார்த்தபோது மூன்றரை.

போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா எடுக்கவில்லை. நாலு பிள்ளைகள், கைவேலையாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த அட்டையை எடுத்தேன்.